இளைஞர்கள் எந்தப் பக்கம்? – மைசூர் சட்டம் முதல் இன்று வரை

நம் சங்கக் கூட்டங்களில் இரண்டு புகார்கள் தவறாமல் வரும். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆசாரம், அனுஷ்டானம் எதுவும் கிடையாது, எல்லாம் லிபரல் ஆகிவிட்டார்கள்" என்பது ஒன்று. "என் பிள்ளை என்னைவிடத் தீவிரமாகப் பேசுகிறான், பழைய காலத்து மனுஷன் மாதிரி" என்பது இன்னொன்று. சில சமயம் இரண்டையும் ஒரே அன்பர் ஒரே பேரனைப் பற்றிச் சொல்வார். அடியேன் படித்தது பௌதிகம், உத்தியோகம் பார்த்தது சர்க்காரில். சரித்திரத்தில் பட்டம் இல்லை. ஆனாலும் ஓய்வுக்குப் பிறகு இந்தக் கேள்வியோடு பழைய நூல்களைப் புரட்டியதில் கிடைத்த சிலவற்றை அங்கத்தினர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

நாங்கள் வசிக்கும் இந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். பாலக்காட்டுத் தமிழ் பிராமணரான சர் கே. சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். சேஷாத்ரிபுரம் அவர் பெயரால் அமைந்தது. கப்பன் பார்க்கில் அவர் சிலை நிற்கிறது. அவர் காலத்தில், 1894-ல், மைசூர் அரசு பால்ய விவாஹத் தடைச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. எட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்யக் கூடாது. ஐம்பது வயது தாண்டிய ஆண் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்ணை மணக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். எட்டு வயது என்ற வரம்பைப் பார்த்து இன்று நமக்குத் தலை சுற்றும். அன்று இதற்கே ஆட்சேபங்கள் எழுந்தன.

பிரிட்டிஷ் இந்தியாவில் இதற்கு மூன்று வருஷம் முன்பு, 1891-ல், சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் வந்தது. அதைக் கடுமையாக எதிர்த்தவர் லோகமான்ய திலகர். அந்நிய அரசாங்கம் நம் சாஸ்திரத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். மைசூரில் ஆண்டவர் நம் மஹாராஜா, திவானும் நம்மவர். அந்த வாதம் இங்கே எடுபடவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திலகர் பிறந்தது 1856-ல். நம் ஜி. சுப்பிரமணிய ஐயர் பிறந்தது 1855-ல். ஒரு வயதுதான் வித்தியாசம். இருவரும் பத்திரிகை நடத்தினார்கள்: அவர் கேசரி, இவர் ஹிந்துவும் சுதேசமித்திரனும். இருவரும் காங்கிரஸ்காரர்கள், இருவரும் வெள்ளையனை வெளுத்து வாங்கியவர்கள். ஆனால் சுப்பிரமணிய ஐயர் 1889-ல், பம்பாய் காங்கிரஸ் நடந்த சமயத்தில், விதவையான தம் பெண்ணுக்கு மறுமணம் செய்து வைத்தார். சமூகம் அவரை ஒதுக்கி வைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்து நாலு. ஒரே தலைமுறை, ஒரே படிப்பு, ஒரே அரசியல். வீட்டு விஷயம் என்று வந்தபோது நேர் எதிர்த் திசை. இந்தப் பிளவு பின்னால் பகிரங்கமாகவே ஆயிற்று. 1895-ல் புணே காங்கிரஸின்போது, ரானடேயின் சமூக சீர்திருத்த மாநாட்டுக்குக் காங்கிரஸ் பந்தலைத் தரக் கூடாது என்று தகராறு கிளம்பி, மாநாடு வேறு இடத்தில் நடந்தது. அரசியலில் தீவிரம் காட்டிய இளைஞர்களில் பலர் சமூக விஷயத்தில் பழமைக் கட்சியில் நின்றார்கள் என்பது நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராத சங்கதி.

இன்னொரு ஜோடி, விஞ்ஞானத்திலிருந்து. ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பரில், சி.வி. ராமன் 1888 நவம்பரில். ராமானுஜனுக்கு 1909-ல் தாயார் பார்த்து நிச்சயித்த கல்யாணம். ஜானகி அம்மாளுக்கு அப்போது பத்து வயது. ராமனோ 1907-ல், பதினெட்டு வயதில், லோகசுந்தரி அம்மாளைத் தாமே தேர்ந்தெடுத்து, வரதட்சிணை வாங்காமல் மணந்தார். அப்படியானால் ராமன் லிபரல், ராமானுஜன் கன்சர்வேடிவ் என்று எழுதி விடலாமா? கடல் தாண்டக் கூடாது என்ற காலத்தில் 1914-ல் குடுமியை எடுத்துவிட்டுக் கப்பல் ஏறியவர் ராமானுஜன். அங்கே போயும் தாமே சமைத்துச் சாப்பிட்டு சைவ உணவை விடாதவரும் அவரே. ராமனோ 1933-ல் பெங்களூர் வந்து, 1970 நவம்பரில் காலமாகும் வரை இதே ஊரில் தலைப்பாகையோடு வாழ்ந்தார். நான் பி.எஸ்ஸி. முடித்த வருஷம் அது.

அடுத்தது சாரதா சட்டம். 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, பையனுக்குப் பதினெட்டு. நம்மவரான எம்.கே. ஆச்சார்யா மத்திய சட்டசபையில் இதை முழு மூச்சோடு எதிர்த்தார். சட்டம் நிறைவேறியதற்கும் அமலுக்கு வந்ததற்கும் இடையில் சுமார் ஆறு மாத அவகாசம் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் தேசம் முழுவதும் அவசரக் கல்யாணங்கள் நடந்தன. 1931 ஜனத்தொகைக் கணக்கில், பதினைந்து வயதுக்கு உட்பட்ட மனைவியரின் எண்ணிக்கை முந்தைய கணக்கைவிடக் கூடியிருந்தது. பால்ய விவாஹத்தைத் தடுக்க வந்த சட்டமே பால்ய விவாஹத்தை ஏற்றி விட்டது!

எங்கள் குடும்பத்திலேயே அத்தைப் பாட்டி ஒருவருக்கு 1930 பங்குனியில் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கல்யாணம். அவருக்குப் பத்து வயது. மாப்பிள்ளை காலேஜில் படித்துக் கொண்டிருந்தவர், கதர்தான் கட்டுவார். அதே பங்குனியில்தான் மகாத்மா தண்டியை நோக்கி நடந்து கொண்டிருந்தார். பத்து வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டு, அடுத்த மாதமே உப்பு சத்தியாக்கிரஹத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசினாராம். அவருக்கு இரண்டும் முரணாகத் தோன்றவே இல்லை. அத்தைப் பாட்டி இதைச் சொல்லும்போது சிரிப்பார். "எனக்குப் புதுப் பாவாடை கிடைச்சுது, அவருக்கு சுயராஜ்யம் வேணுமாம்" என்பார். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் அவருக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்தது.

இதற்கு மூன்று வருஷம் கழித்து, 1933-ல், ராஜாஜியின் மகள் லக்ஷ்மிக்கும் காந்தியின் மகன் தேவதாஸுக்கும் கல்யாணம் நடந்தது. ஜாதி தாண்டிய விவாஹம். இரு தகப்பனார்களும் காத்திருக்கச் சொன்னார்கள், இளையவர்கள் ஐந்து வருஷம் காத்திருந்து காட்டினார்கள். அதே ராஜாஜிதான் 1959-ல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி பர்மிட்-லைசென்ஸ் ராஜ்யத்தை எதிர்த்தார். எதிர்க்கட்சிகள் அவரைப் பிற்போக்குவாதி என்றன. பொருளாதாரப் பாடப் புத்தகத்தைத் திறந்தால் அவர் சொன்னதற்குப் பெயர் லிபரல் கொள்கை! பெயர்களை வைத்துக் கொண்டு நாம் படும் பாடு இப்படி.

என் இளமைக் காலத்தையும் சொல்ல வேண்டும். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975 ஜூனில் வாஜ்பாயியும் அத்வானியும் பெங்களூரில்தான் கைதானார்கள். அவர்களை அடைத்த மத்திய சிறைதான் 2008-ல் சுதந்திரப் பூங்கா என்று திறக்கப்பட்டது. மறு வருஷம், 1976-ல், பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா, அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் விஞ்ஞான ரீதியில் ஆராய ஒரு குழு அமைத்தார். புட்டபர்த்தி சாயிபாபாவுக்கு அவர் விடுத்த சவால் நாடெங்கும் பேசப்பட்டது. மல்லேஸ்வரத்தில் நாங்கள் நாலு பிரம்மச்சாரிகள் தங்கியிருந்த அறையில் தினமும் இதே சண்டை. நரசிம்மையாவை உச்சி மேல் வைத்துக் கொண்டாடிய நண்பர்தான், "எமர்ஜென்சி வந்ததால்தான் ஆபீசுக்கு எல்லோரும் நேரத்துக்கு வருகிறார்கள்" என்று பாராட்டியவர். பாபா படத்துக்குக் கற்பூரம் காட்டிய நண்பர், எமர்ஜென்சியை எதிர்த்து ரகசியமாகத் துண்டுப் பிரசுரம் வாங்கி வருவார். இவர்களில் யார் முற்போக்கு? உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் ஒரே தெர்மாமீட்டரால் அளக்க முடியாது என்று அன்றே நான் வாதாடினேன். யாரும் காது கொடுக்கவில்லை.

இனி இன்றைய நிலை. டெல்லி சி.எஸ்.டி.எஸ். நிறுவனத்தின் லோக்நீதி அமைப்பு 2016-ல் 19 மாநிலங்களில், 15 முதல் 34 வயது வரையுள்ள 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தது. மனைவி எப்போதும் கணவன் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்பதை ஏறக்குறையப் பாதிப் பேர் ஒப்புக் கொண்டார்கள். கல்யாணமானவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோர் பார்த்து நடத்திய கல்யாணம்தான். கையில் ஸ்மார்ட்போன் வந்ததால் மனசு மாறிவிட்டது என்று எண்ணுபவர்களுக்கு இது ஆச்சரியம். வெளிநாட்டில் வேறு ஒரு விசித்திரம். தென் கொரியாவில் 2022 ஜனாதிபதித் தேர்தலில், வாக்குச்சாவடிக் கணிப்புப்படி இருபதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் கன்சர்வேடிவ் வேட்பாளருக்கும், அதே வயதுப் பெண்களில் ஏறத்தாழ அதே சதவீதம் பேர் எதிர் வேட்பாளருக்கும் ஓட்டுப் போட்டார்கள். ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் எதிரெதிர்க் கட்சி. 'இளைஞர்கள்' என்று மொத்தமாகப் பேசுவதே அங்கே அர்த்தமற்றதாகிவிட்டது.

நம் பெங்களூர்ப் பிள்ளைகளிடம் நான் காண்பதும் கலவைதான். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு பையன் சனிக்கிழமைதோறும் ருத்ரம் கற்றுக் கொள்கிறான், என் தலைமுறையில் பலர் கற்றுக் கொள்ளாதது. அவனே பஞ்சாபிப் பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டான். கல்யாணம் மட்டும் நாலு வேளை வைதீக முறைப்படி நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவனும் அவன்தான். பெற்றோர் ரிசப்ஷன் போதும் என்றார்கள். பெண்கள் விஷயத்தில் மாற்றம் இன்னும் ஆழமானது என்று நினைக்கிறேன். ஓட்டு எதற்குப் போடுகிறார்கள் என்பது எப்படி இருந்தாலும், வேலையை விடச் சொல்லும் வரன் வேண்டாம் என்று சொல்வதில் அவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. பத்து வயதில் புதுப் பாவாடைக்குச் சந்தோஷப்பட்டவர்களின் கொள்ளுப் பேத்திகள் இவர்கள்.

கடைசியாக, வரன் பகுதிகளைப் படிக்கும் பழக்கமுள்ளவன் என்ற முறையில் ஒன்று. ஒரு காலத்தில் வடமா, பிருஹசரணம், வாத்திமா, அஷ்டசஹஸ்ரம் என்று உட்பிரிவைச் சொல்லி, அதற்குள் மட்டுமே தேடுவார்கள். இப்போது 'உட்பிரிவு தடையில்லை' என்ற வரி சகஜமாகக் கண்ணில் படுகிறது. சில விளம்பரங்களில் அதற்கு மேலும் ஒரு படி போயிருக்கிறார்கள். அந்த விளம்பரங்களை எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் பையனோ பெண்ணோ அல்ல, அறுபது வயதைத் தாண்டிய அப்பாக்கள்.