கூறைப் புடவையும் காஞ்சி நெசவாளரும்

டெல்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் இருந்த நாட்களில், அங்குள்ள மார்க்கெட்டில் பேரம் பேசாமல் நாங்கள் எதையும் வாங்கியதில்லை. ஆனால் 1979-ல் தங்கையின் விவாகம் நிச்சயமானதும், ஒன்பது கஜக் கூறைப் புடவைக்காக அம்மா ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கே போனாள். "பனகல் பார்க் நல்லிதான்" என்பது அவள் தீர்மானம்.

அக்கடையை 1928-ல் தொடங்கிய நல்லி சின்னசாமி செட்டியார், காஞ்சீபுரத்து நெசவாளர். தியாகராய நகரே அப்போது புதிதாக உருவாகி வந்த பேட்டை.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். ஆனால் கல்யாணப் புடவையை யார் சுரண்டிப் பார்ப்பார்கள்? வாங்குபவரால் சோதிக்க முடியாத சரக்கில் விற்பவரின் நாணயமே முதல். தறியை அறிந்தவரே கடை வைத்ததன் மதிப்பு அதுதான்.

பேரர் குப்புசாமி செட்டியார் 1956-ல் இளம் வயதிலேயே பொறுப்பேற்றார். 2003-ல் பத்மஸ்ரீ பெற்றார். பின்னாளில் எங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே, சவுத் எக்ஸ்டென்ஷனில் கிளையும் வந்துவிட்டது.

சரோஜினி நகரின் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துப் புதிய அடுக்குமாடிகள் எழுப்புகிறார்கள். தங்கையோ வரலக்ஷ்மி விரதத்துக்கு இன்றும் அந்தக் கூறைப் புடவையைத்தான் உடுத்துகிறாள். ஜரிகை சற்றுக் கறுத்திருக்கிறது. வெள்ளி என்றால் கறுக்கத்தானே செய்யும்!