மாற்றப்படுவது யார்? கட்டப்படாத ‘ஃபன் பேலஸ்’ திட்டத்தின் ஒரு வரைபடத்தை மீண்டும் படித்தல்

கட்டடக் கலைஞர் செட்ரிக் பிரைஸும் நாடக இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டும் 1960-களில் கிழக்கு லண்டனுக்கெனத் தீட்டிய ‘ஃபன் பேலஸ்’ என்ற பொழுதுபோக்கு மையம் எழும்பவேயில்லை. திட்டப்படி அதில் நிலையான சுவர்கள் இல்லை. எஃகுக் கோபுரங்களுக்கு மேலே நகரும் கிரேன்கள் அறைகளையும் மேடைகளையும் வருவோரின் விருப்பப்படி இடம் மாற்றும். மக்கள் பங்கேற்புக்கு முன்னோடி என்று நெடுங்காலம் போற்றப்பட்ட இத்திட்டத்தை, பிற்கால ஆய்வாளர்களில் ஒரு சாரார் ஐயத்தோடு பார்க்கின்றனர். அவர்கள் பெரிதும் நம்புவது ஒரு தாளைத்தான்: கோர்டன் பாஸ்க் தலைமையில் இத்திட்டத்துக்கென அமைந்த சைபர்நெட்டிக்ஸ் (பின்னூட்டத்தால் இயங்கும் அமைப்புகள் பற்றிய துறை) துணைக்குழு 1965-இல் முன்வைத்த வரைபடம். அதில் மாற்றமடையாத மக்கள் உள்ளே நுழைகிறார்கள். மாற்றமடைந்த மக்கள் வெளியேறுகிறார்கள். எனவே இது மனிதரைப் பக்குவப்படுத்தும் ஆலை, பங்கேற்பு வெறும் மேற்பூச்சு என்கிறது அந்த வாசிப்பு.

இது அவசரத் தீர்ப்பு.

வரைபடத்தின் இரு முனைகளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நடுவில் இருப்பதோ பின்னூட்ட அமைப்பு: மக்கள் என்ன செய்கிறார்கள் என்ற தகவல் திரும்பி வந்து, அடுத்து அங்கே என்ன கிடைக்கும் என்பதை மாற்றுகிறது. இதன் பொருளை பாஸ்க் 1950-களில் உருவாக்கிய ‘மியூசிகலர்’ கருவி தெளிவாக்குகிறது. இசைக்கலைஞர் வாசிக்க, அதற்கேற்ப வண்ண விளக்குகள் ஒளிரும். வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தால் கருவி அசையாது. கலைஞர் புதிதாக எதையாவது தேடியாக வேண்டும். அங்கே கலைஞரும் மாறுகிறார், கருவியும் மாறுகிறது. இந்தப் பின்னணியை ஒதுக்கிவிட்டு 1965-இன் வரைபடத்தை மனிதக் கட்டுப்பாட்டின் ஒப்புதல் வாக்குமூலமாகப் படிப்பது சரியாகாது. மியூசிகலரில் ஒருவர்; ஃபன் பேலஸில் ஆயிரக்கணக்கானோர் என்ற வேறுபாடு உண்மைதான். அது அளவின் சிக்கலே தவிர, நோக்கத்துக்குச் சான்றாகாது.

ஆனால் பாஸ்க்கை முழுதாக விடுவிக்கவும் முடியாது. பின்னூட்டம் இலக்கை நோக்கி அமைப்பைத் திருத்தும். இலக்கை வகுப்பவர் யார் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. எது மகிழ்ச்சி, எது பயனுள்ள ஓய்வு என்பதை நிபுணர் குழுவே முன்கூட்டித் தீர்மானிக்கிறது. கிரேனை நகர்த்தச் சொல்லும் உரிமை மக்களுக்கு உண்டு; இலக்கைக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. இத்திட்டத்தின் மெய்யான குறை இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. கட்டப்படாத ஒன்றைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: கட்டடமே இல்லாதபோது தாள்கள்தாம் திட்டம்.

பிரைஸ் பின்னர் லண்டனின் கென்டிஷ் டவுனில் ‘இன்டர்-ஆக்‌ஷன்’ சமூகக் கலை அமைப்புக்காக 1970-களில் சிறிய மையமொன்றைக் கட்டினார். ஃபன் பேலஸின் சட்டகக் கருத்து அங்கே எளிய வடிவில் வந்தது. பாஸ்க்கின் குழு அங்கே இல்லை. அந்த மையம் எதற்கு என்பதைச் சொன்னவர்கள் அதைப் பயன்படுத்திய கலை அமைப்பினரே. அதைப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கும் முயற்சி எழுந்தபோது பிரைஸே அதை எதிர்த்தார். 2003-இல் அது இடிக்கப்பட்டது.