கேள்விப்பட்டதெல்லாம் உண்மையாகிவிடுமா? இப்னு கல்தூனும் இன்றைய சமூக ஆய்வும்

“முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மதரஸாவுக்குத்தான் போகிறார்கள்.” நம் நாட்டில் பல ஆண்டுகளாகப் பலரும் சொல்லி வந்த பேச்சு இது. சொன்னவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். மறுத்தவர்கள் கோபத்தோடு மறுத்தார்கள். பெரும்பாலும் இரு தரப்பாரின் கையிலும் கணக்கு இல்லை. உண்மையைச் சொல்வதானால், ஒரு காலத்தில் நாமும் அதை நம்பினோம். மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோது நம்மைச் சுற்றி எப்போதும் மதரஸா மாணவர்களே இருந்தார்கள். எனவே சமுதாயம் முழுவதும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டோம்.

ஒரு சமூகத்தைப் பற்றிச் சொல்லப்படும் இத்தகைய செய்தியை எப்படிச் சோதிப்பது? சமூகவியலின் முன்னோடிகள் இந்தக் கேள்விக்குத்தான் வழி தேடினார்கள். அவர்களில் மூவரை இங்கே பார்ப்போம்.

இப்னு கல்தூன்: இது நடக்கக்கூடியதா?

இப்னு கல்தூன் (ரஹ்) ஹிஜ்ரி 732இல் (கி.பி. 1332) துனிஸ் நகரில் பிறந்தார். பல அரசவைகளில் பணியாற்றினார். பிற்காலத்தில் கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் காழியாக இருந்து, 1406இல் அங்கேயே மறைந்தார். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கியிருந்தபோது, 1377இல் புகழ்பெற்ற ‘முகத்திமா’வை எழுதினார். மனித சமூக வாழ்வை ஆராயும் இந்தப் புதிய கலையை ‘இல்முல் உம்ரான்’ என்று அழைத்தார்.

ஹதீஸ் கலையில், செய்தியை அறிவிப்பவர் நம்பகமானவரா என்பதை ஆராய்வது அடிப்படையான பணி என்று நாம் மதரஸாவில் பயின்றோம். மார்க்கக் கட்டளைகள் பற்றிய அறிவிப்புகளில் இந்த முறையை இப்னு கல்தூனும் ஏற்கிறார். ஆனால் உலக நிகழ்வுகள் பற்றிய செய்தி என்றால், அறிவிப்பாளரை ஆராயும் முன்பே வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்கிறார்: சமூகத்தின் இயல்புப்படி இது நடக்கக்கூடியதா?

அவர் காட்டும் உதாரணம் பிரபலமானது. மூஸா (அலை) அவர்களிடம் ஆறு லட்சத்திற்கும் அதிகமான போர்வீரர்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதி வந்தார்கள். யஃகூப் (அலை) அவர்களுக்கும் மூஸா (அலை) அவர்களுக்கும் இடையில் சில தலைமுறைகளே உள்ளன. அதற்குள் ஒரு குடும்பம் இவ்வளவு பெருகுமா? இத்தனை பேர் அணிவகுத்து நின்றால் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியுமா? இப்படிக் கேட்டு அந்த எண்ணிக்கையை அவர் நிராகரித்தார். கொள்கைச் சார்பு, அறிவித்தவர் மீது குருட்டு நம்பிக்கை, அதிகாரத்தில் இருப்போரை மகிழ்விக்கும் ஆசை, சமூக இயல்பை அறியாமை ஆகியவற்றால்தான் பொய்ச் செய்திகள் பரவுகின்றன என்றும் பட்டியலிட்டார்.

துர்க்கைம்: எதைப் பற்றிப் பேசுகிறோம்?

இப்னு கல்தூனுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் பிரான்சில் வாழ்ந்த எமில் துர்க்கைம், 1895இல் சமூகவியல் ஆய்வு முறைக்கான விதிகளை எழுதினார். ஆய்வாளர் தான் ஆராயும் பொருளை முதலில் தெளிவாக வரையறுக்க வேண்டும், மக்கள் பேச்சுவழக்கில் புழங்கும் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

இதன் அருமை நம் ஊர்களில் உடனே விளங்கும். தமிழகத்தில் ஒரு தாயிடம் “உங்கள் பிள்ளை மதரஸாவுக்குப் போகிறானா?” என்று கேட்டால் “போகிறான்” என்றே பெரும்பாலும் பதில் வரும். காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் குர்ஆன் ஓதப் போவதை அவர் சொல்கிறார். அதே பிள்ளை பகல் முழுவதும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். ஓதப் போகும் மக்தபையும், தங்கிப் படிக்கும் அரபிக் கல்லூரியையும் ஒரே சொல்லால் எண்ணினால் கணக்கு தொடக்கத்திலேயே தவறிவிடும்.

துர்க்கைமும் இந்தச் சோதனையிலிருந்து தப்பவில்லை. 1897இல் வெளியான தற்கொலை பற்றிய ஆய்வில், கத்தோலிக்கரைவிட புராட்டஸ்டண்ட் மக்களிடம் தற்கொலை விகிதம் அதிகம் என்றும், சமூகப் பிணைப்பின் வலிமையே இந்த வேறுபாட்டிற்குக் காரணம் என்றும் கூறினார். தற்கொலையைப் பெரும்பாவமாகக் கருதும் இடங்களில் அத்தகைய மரணங்கள் வேறு பெயரில் பதிவாகியிருக்கலாம் அல்லவா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேட்டார்கள். அரசுப் புள்ளிவிவரமும் ஒரு ‘அறிவிப்பு’தான், அதையும் சோதிக்க வேண்டும்.

வெபர்: செய்பவர் என்ன நினைக்கிறார்?

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் (1864–1920), எண்ணிக்கை மட்டும் போதாது என்றார். ஒரு செயலைச் செய்பவர் அதற்கு என்ன பொருள் கொடுக்கிறார் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். ஒரு தந்தை மகனை அரபிக் கல்லூரியில் சேர்த்தது ஆலிமாக்கும் ஆசையினாலா, அல்லது அங்கே உணவும் தங்குமிடமும் இலவசம் என்பதாலா? கணக்கில் இருவரும் ஒன்றே. காரணமோ வேறு, தீர்வும் வேறு. இன்றைய ஆய்வாளர்கள் படிவத்தோடு நிறுத்தாமல் நேர்காணலும் எடுப்பது இதனால்தான்.

ஆனால் இஸ்லாத்தைப் போர்வீரர்களின் மதம் என்று சித்தரித்த இடத்தில் வெபர் தம் முறைக்கே உண்மையாக இருக்கவில்லை என்ற விமர்சனம் உண்டு. தட்பவெப்பத்தை வைத்துக் கறுப்பின மக்களை இழிவாக எழுதிய இடத்தில் இப்னு கல்தூனும் தவறினார். முன்னோடிகளிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது அவர்களின் சோதனை முறையை. அவர்களின் எல்லா முடிவுகளையும் அல்ல.

கணக்கு காட்டிய உண்மை

தொடக்கத்தில் சொன்ன பேச்சுக்கு வருவோம். 2005இல் மத்திய அரசு நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2006 நவம்பரில் அறிக்கை வந்தது. மதரஸா வேறு, மக்தப் வேறு என்பதை அது எடுத்துக்காட்டியது. பள்ளி செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 3 முதல் 4 சதவீதத்தினர் மட்டுமே மதரஸாக்களில் படிக்கிறார்கள் என்று தெரியவந்தது.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதத்தினர் பள்ளிக்கூடத்தையே மிதிக்காதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள். அந்த 4 பேரைப் பற்றி நாட்டில் எவ்வளவோ விவாதங்கள் நடந்தன. இந்த 25 பேரைப் பற்றி நாமும் அதிகம் பேசவில்லை. சோதிக்கப்படாத செய்தி ஒரு சமூகத்தின் பெயரைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. உதவி தேவைப்படும் பிள்ளையையும் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

ஒவ்வொரு மஹல்லாவும் இதைத் தன் அளவில் செய்யலாம். ஜமாஅத் பதிவேட்டில் சந்தாக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, ஏன் நின்றது என்ற விவரமும் அதில் இருக்கட்டும். வீடு வீடாகச் சென்று கேட்போம். கேட்கும் முன் சொல்லை வரையறுப்போம். பதிலுக்குப் பின்னால் உள்ள காரணத்தையும் பொறுமையாகக் கேட்போம். கிடைத்த கணக்கு நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் மறைக்காமல் ஏற்போம். நம்மைப் பற்றிப் பிறர் பரப்பும் செய்தியைச் சோதிக்கும் நாம், நம்மைப் பற்றி நாமே நம்பிக்கொண்டிருப்பதையும் அதே தராசில் நிறுத்துவதே நீதியாகும்.