எண்ணெயில் கரைந்த மருந்து செங்கலடிக்கு வந்த வழி

ஒரு மில்லிலீற்றர் எண்ணெய். அதில் கரைந்திருப்பது 25 மில்லிகிராம் மருந்து. சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து, ஊசியில் உறிஞ்சி, இடுப்புத் தசையில் ஏற்றினால் மூன்று நான்கு வாரங்களுக்கு வேலை செய்யும். புளூபெனசின் டெக்கனோவேற் என்பது இதன் முழுப்பெயர். மனச்சிதைவு நோயுள்ளவர்களின் வீடுகளில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. “மாத ஊசி” என்றால் போதும்.

இதன் மூதாதை பிறந்தது பிரான்சில். 1950 டிசம்பரில் ரோன்-பூலென்க் நிறுவனத்தின் வேதியியலாளர் போல் சார்பொந்தியே குளோர்புரோமசின் என்ற பொருளை உருவாக்கினார். சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்த அது உதவுவதைக் கடற்படை மருத்துவர் ஒன்றி லபோரி கவனித்தார். 1952இல் பாரிசின் சென்-ஆன் மருத்துவமனையில் ஷோன் டுலேயும் பியர் டெனிக்கரும் மனநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். காதில் குரல் கேட்டுத் தவித்தவர்களிற் பலர் தெளிந்தார்கள். லார்காக்டில் என்ற பெயரில் அந்த மாத்திரை உலகெங்கும் போனது. புளூபெனசின் அதே குடும்பத்தில் பின்னால் பிறந்தது. மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும்.

ஆனால் மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டும். தனக்கு நோயே இல்லை என்று நம்ப வைப்பதும் இந்த நோயின் ஓர் அறிகுறி. சுகமானவரோ, “இனி எதற்கு?” என்று நிறுத்திவிடுவார். 1960களின் நடுப்பகுதியில் இதற்கொரு வழி பிறந்தது. மருந்தின் மூலக்கூறோடு ஒரு கொழுப்பமிலத்தை இணைத்து, எண்ணெயில் கரைத்துத் தசையில் வைத்துவிடுவது; அங்கிருந்து அது மெல்ல மெல்ல இரத்தத்தில் கசியும். டெக்கனோயிக் என்னும் அந்த அமிலம் தேங்காயெண்ணெயிலும் இருக்கிறது. மருந்தைக் கரைத்த எண்ணெயோ எள்ளில் ஆட்டிய எண்ணெய். நம் அடுக்களையில் இருக்கும் அதே நல்லெண்ணெயின் சுத்திகரித்த வடிவம். குளிர்பெட்டி தேவையில்லை; வெளிச்சம் படாமல் வைத்தால் போதும். மின்சாரம் எட்டாத ஊருக்கும் கொண்டுபோகலாம்.

தானாக அது எந்த வீட்டுக்கும் போய்விடாது, ஆள் வேண்டும். இங்கிலாந்தின் வார்லிங்கம் பார்க் மனநல மருத்துவமனை, வீடு திரும்பியவர்களைப் போய்ப் பார்க்க 1954இலேயே தாதியரை வெளியே அனுப்பத் தொடங்கியிருந்தது. மாத ஊசி வந்த பிறகு அந்தப் பணி வேகமாக வளர்ந்தது. ஊசி போடும் நாளில் தாதி வீட்டுக்குள் வருகிறார். சாப்பிட்டாரா, தூங்கினாரா, தாயின் முகம் ஏன் வாடியிருக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் படுகிறது. சமூக உளநலத் தாதியம் ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததில் இந்தக் குப்பிக்கும் பங்குண்டு.

இலங்கையில் மனநோயாளருக்கான சட்டம் 1873இல் எழுதப்பட்டது. அதன் நோக்கம் அடைத்து வைப்பதுதான். 1920களில் கொழும்புக்கு அருகே எழுந்த அங்கொடை மனநல வைத்தியசாலை பல்லாண்டுகள் நாடு முழுவதற்கும் கடைசிப் புகலிடமாக இருந்தது. இன்னொரு பக்கம், பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. வணிகப் பெயருக்கு விலை கொடுக்காமல், மருந்தின் பொதுப்பெயரில் மலிவாக வாங்கும் வழி திறந்தது. வசதியற்ற வீட்டுக்கும் அரச வைத்தியசாலையிலிருந்து மருந்து இலவசமாகக் கிடைக்கிறதென்றால், பிபிலேக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இருந்தும், மட்டக்களப்பிலிருந்து அங்கொடை ஏறக்குறைய 300 கிலோமீற்றர். போர்க்காலத்தில் அந்த வழி முழுவதும் சோதனைச் சாவடிகள். தன் பெயரையே ஒழுங்காகச் சொல்ல முடியாத நிலையில் இருக்கும் ஓர் இளைஞனைத் தகப்பன் எப்படிக் கூட்டிப்போவார்? போனாலும், திரும்பி வந்தபின் அடுத்த மாத ஊசியை யார் போடுவார்? பலர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். சிலரைக் கட்டியும் வைத்தார்கள்.

2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பில் பணியாற்றிய உளமருத்துவர் மகேசன் கணேசன், சிகிச்சையை ஊருக்குள் கொண்டுபோவதில் உறுதியாக நின்றவர். ஓர் உளமருத்துவர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஊரவர்களைப் பயிற்றுவிப்பதே வழியாக இருந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே அரசு தேசிய உளநலக் கொள்கையை ஏற்றது. ஆழிப்பேரலைக்கு முன் நாட்டின் 27 சுகாதார மாவட்டங்களில் 10இல்தான் உளநல சேவைக் கட்டமைப்பு இருந்தது. பின்னர் அது 20ஆக உயர்ந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் எழுதியது. உளநலப் பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகள், ஓராண்டு உளமருத்துவ டிப்ளோமா முடித்தவர்கள், சமூக உளநலத் தாதியர், ஊரிலிருந்தே எடுத்த சமூக உதவி உத்தியோகத்தர் என்று ஒரு புதிய வரிசை உருவானது.

மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடியில் திருகோணமலை வீதியும் பதுளை வீதியும் சந்திக்கின்றன. ஒரு பக்கம் ஏறாவூர். மறுபக்கம் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலை. பதுளை வீதியில் மேற்கே திரும்பினால் கொடுவாமடு, பன்குடாவெளி, கரடியனாறு என்று வயலும் காடுமாகப் போகும். போர்க்காலத்தில் இராணுவத்தின் பகுதியையும் புலிகளின் பகுதியையும் பிரித்த கறுத்தப் பாலம் அந்த வீதியில்தான் இருக்கிறது. பாலத்துக்கு மேற்கே உள்ள ஊர்களுக்கு எதுவும் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தது. உளநல சேவைக்கும் அதே கதிதான்.

இந்த ஊசி அங்கே சரியாகப் போய்ச் சேர, கொண்டுபோகிறவர் நிறையக் கற்றிருக்க வேண்டும். ஊசி உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் மருந்து கலங்கிவிடும். எண்ணெய் தடிப்பானது, ஆகவே ஊசித் துளை போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். தோலைச் சற்று ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக் குத்தி, பின் விட்டால் எண்ணெய் வெளியே கசியாது. எள் ஒத்துவராதவரா என்று முதலில் கேட்க வேண்டும். முதன்முறை சிறிய அளவே போட்டுப் பார்க்க வேண்டும்.

இவை கைப்பழக்கம். அடுத்தது கண்பழக்கம். இந்த மருந்தால் சிலருக்குக் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். வலை இழுப்பவருக்கும் வரம்பு கட்டுபவருக்கும் விரல் விறைத்தால் பிழைப்பே போய்விடும். அதற்குப் பென்ஸெக்ஸால் கொடுக்கலாம், அல்லது அளவைக் குறைக்கலாம். இன்னும் சிலருக்கு உட்கார முடியாத தவிப்பு வரும். முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பார்கள். “வருத்தம் கூடிப்போச்சு” என்று வீட்டார் நினைப்பார்கள். பயிற்சி இல்லாதவரும் அப்படியே நினைத்து மருந்தைக் கூட்டச் சொன்னால், தவிப்பும் கூடும். அது நோயா, மருந்தின் விளைவா என்று பிரித்தறியும் கண் ஒருநாள் விரிவுரையில் வராது. அனுபவமுள்ளவரோடு வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும்.

மூன்றாவது, பேச்சு. “மிஸ்ஸி, புள்ள இப்ப நல்லாத்தானே இருக்கான், இந்த மாசம் ஊசி வேணாமே?” என்று தாய் கேட்பார். நியாயமான கேள்விதான். ஒரு மாதம் தவறினால் உடனே ஒன்றும் நடக்காது. தசையில் மிச்சம் இருக்கும். அதுதான் ஆபத்து. நோய் பல வாரங்கள் கழித்துத் திரும்பும்போது, தவறிய ஊசியை யாரும் நினைக்க மாட்டார்கள். இதை அதட்டாமல் விளக்கத் தெரிய வேண்டும். மந்திரிக்கும் கட்டாடியாரிடம் நூல் கட்டியிருந்தால் ஏளனம் செய்யக்கூடாது. அம்மன் சடங்கில் ஆறுதல் கண்ட குடும்பத்திடம் கோயிலையும் விடாதீர்கள், ஊசியையும் விடாதீர்கள் என்று சொல்பவருக்கே கதவு திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியிடமே கேட்க வேண்டும். நாலுபேர் பிடித்துப் போட்ட ஊசி மருந்தை உள்ளே ஏற்றும், நம்பிக்கையை வெளியே தள்ளும்.

2022 பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு, எரிபொருளுக்கு வரிசை. மாத ஊசி தங்கியிருக்கும் இரண்டு கால்களும் அப்போது ஆடின: குப்பி வர வேண்டும், அதைக் கொண்டு செல்பவரும் வர வேண்டும்.

இத்தனை தூரம் வந்த ஊசிக்குக் கடைசி சில கிலோமீற்றர்தான் மிகக் கடினமானவை. அந்தத் தூரத்தை மருந்துக் கம்பனியால் கடக்க முடியாது. பயிற்சி பெற்ற ஒரு மனிதரே கடக்க வேண்டும். ஊசி குரல்களை அடக்கும். வேலை வாங்கித் தராது, தனிமையைப் போக்காது, தாயின் களைப்பை ஆற்றாது. மாதம் ஒருமுறை அந்த வாசலுக்குப் போகிறவரால் இவற்றுக்கும் வழி தேட முடியும்.

ஆகவே குப்பிகளின் கையிருப்பைக் கணக்கெடுக்கும் அதே கவனத்தோடு ஆட்களையும் கணக்கெடுக்க வேண்டும். பதுளை வீதி ஊர்களுக்குத் தமிழில் பேசும், அங்கேயே வளர்ந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட காலம் பயிற்சி கொடுங்கள். மேற்பார்வையும், போய்வர வாகனமும், நிரந்தரச் சம்பளமும் கொடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் மருத்துவர்களையும் தாதியரையும் இந்த மாவட்டத்திலேயே உருவாக்குகிறது. அவர்கள் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் சில மாதங்களாவது இந்த வீடுகளுக்குப் போய்வந்திருக்க வேண்டும். நோயாளியை வைத்தியசாலைக் கட்டிலில் மட்டும் கண்டவர் பாதி நோயைத்தான் படித்திருக்கிறார்.