பிடியாணை இல்லாத கைது: 24 மணித்தியாலமும் 72 மணித்தியாலமும்

"பொலிஸ் வந்து கூப்பிட்டா போகத்தான் வேணும்" என்பது நம் ஊர்களில் வாப்பாமார் காலத்திலிருந்து வரும் பேச்சு. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கலாமா? கேட்கலாம் என்று 1951 இலேயே நமது நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்துசாமி எதிர் கன்னங்கர வழக்கில் நீதியரசர் கிரேஷியன், பிடியாணையின்றிக் கைது செய்யும் பொலிஸாருக்கு முறையான காரணம் இருக்க வேண்டும், பொதுவாக அக்காரணத்தைப் பிடிபடுபவரிடம் சொல்லவும் வேண்டும் என்று தீர்த்தார். 1978 யாப்பின் 13(1) ஆம் உறுப்புரை காரணம் அறிவதை அடிப்படை உரிமையாகவே எழுதியது.

அந்த யாப்பு வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. 1979 ஜூலையில் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நிறைவேறிய குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, கைதானவரை 24 மணித்தியாலத்துள் நீதவான் முன் நிறுத்தச் சொல்கிறது. புதிய சட்டமோ 72 மணித்தியாலம் தந்தது. அதன் 6 ஆம் பிரிவின்படி பொலிஸ் அத்தியட்சரோ, அவர் எழுத்தில் அதிகாரமளித்த உப பரிசோதகரோ பிடியாணையின்றிக் கைது செய்யலாம், வீடு புகுந்து தேடலாம். 9 ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. அமைச்சர் சந்தேகித்தாலே போதும். மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை நீதவானின் பிணை அதிகாரத்துக்கு வெளியே ஒருவரை வைத்திருக்கலாம். அக்கட்டளையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்று 10 ஆம் பிரிவு சொன்னது. மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்த சட்டம் 1982 இல் நிரந்தரமானது.

அப்போது அள்ளிக்கொண்டு போனது பெரும்பாலும் வடக்கு, கிழக்குத் தமிழ் இளைஞர்களை. நம்மில் பலர் அதைப் பக்கத்து வீட்டு விஷயமாகவே பார்த்தோம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் விட்டால் வரலாறு அரைகுறையாகிவிடும்.

2019 ஏப்ரல் 21 இன் குண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிரிவுகள் நம் வாசலுக்கு வந்தன. குற்றம் செய்தவர்களைத் தேடியதில் யாருக்கும் முறைப்பாடில்லை. தேடல் எங்கே போய் நின்றது என்பதுதான் கதை. 2020 மே மாதம் மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் கைதானார். 2017 இல் அவர் வெளியிட்ட 'நவரசம்' கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுவதாகச் சொல்லப்பட்டது. தமிழில் வாசித்தவர்களுக்கு அதில் வன்முறைக்கு எதிரான குரலே கேட்டது. ஒரு கவிதையின் பொருள் என்னவென்று திறந்த நீதிமன்றத்தில் வாதாட முன்னரே ஒரு வருடத்துக்கு மேல் தடுப்புக் கட்டளை ஓடியது. 2021 டிசம்பரில்தான் பிணை.

2022 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 18 மாதம் 12 ஆனது, தடுப்புக் கட்டளையை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழி பிறந்தது. 6 ஆம் பிரிவின் கைது அதிகாரம் போகவில்லை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அஹ்னாபை விடுதலை செய்தது. கைதாகி அப்போது மூன்றரை வருடங்கள் கடந்திருந்தன.