இரைப்பையில் ஒரு இடைச்செருகல்

தென்னமெரிக்க நாடான கொலம்பியாவின் தென்மேற்கு மூலையில் நரின்யோ என்றொரு மாகாணம் உள்ளது. அதன் மேற்கு எல்லையில், பசிபிக் கடலோரத்தில், துமாக்கோ என்னும் துறைமுக ஊர். அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், ஆண்டிஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 3000 மீட்டர் உயரத்தில், துக்கெர்ரெஸ் என்னும் மலையூர். மலையூரில் ஆண்டுதோறும் லட்சம் பேரில் ஏறத்தாழ 150 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வருகிறது. கடலோர ஊரில் அந்த எண்ணிக்கை ஆறு மட்டுமே. ஒரே நாடு, ஒரே மாகாணம். ஆனால் 25 மடங்கு வேறுபாடு.

இந்நோய்க்குக் காரணமாக இன்று அறியப்படும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா, இரண்டு ஊர்களிலும் பத்துப் பேரில் ஒன்பது பேரின் வயிற்றில் இருக்கிறது. கிருமி இரு ஊர்களிலும் இருக்கும்போது நோய் மட்டும் ஏன் ஓர் ஊரைத் தேடிப் போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றவர்கள் மருத்துவத்திலிருந்து மனிதகுல வரலாற்றுக்குள் வந்து சேர்ந்தனர். அந்தப் பாதையை இங்கே சுருக்கமாகப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

வயிற்றுப்புண் என்பது மனக்கவலையாலும் காரமான உணவாலும் மிகை அமிலத்தாலும் வருவது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்த உயிரும் நிலைத்து வாழாது என்பது அன்றைய பாடம். 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்த ராபின் வாரன், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களை நுண்ணோக்கியில் கண்டார். 1981இல் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் இணைந்தார். ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியை வளர்க்கும் முயற்சி பலமுறை தோற்றது. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் வளர்தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் அப்படியே விடப்பட்டன. அப்போதுதான் அது வளர்ந்தது. 1984இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இங்கே முடிந்துவிடுகிறது. உண்மையான சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தக் கிருமியைச் சுமந்து வந்திருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லை. சிலருக்கே புண் உண்டாகிறது; புற்றுநோய் வருவது நூற்றில் ஒருவருக்கோ மூவருக்கோதான். ஆகவே கிருமிக்குள்ளும் வேறுபாடு இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் அதன் மரபணுக்களை நோக்கித் திரும்பினர்.

1993இல் 'காக்-ஏ' என்னும் மரபணு கண்டறியப்பட்டது. இது எல்லாக் கிருமிகளிலும் இருப்பதில்லை. மேலைநாட்டுக் கிருமிகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவிலும், கிழக்காசியக் கிருமிகளில் ஏறத்தாழ அனைத்திலும் இருக்கிறது. இது இருக்கும் கிருமியைச் சுமப்பவர்களுக்குப் புண்ணும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது மேலைநாட்டு ஆய்வுகளில் தெளிவாயிற்று. இம்மரபணு தனித்து நிற்பதன்று, ஏறத்தாழ 30 மரபணுக்கள் கொண்ட ஒரு தொகுதியின் பகுதி என்பது 1996இல் தெரியவந்தது. கிருமியின் முழு மரபுத்தொகுதி 1997இல் படித்தறியப்பட்டது.

பழைய ஏடுகளைப் பதிப்பித்த அறிஞர்கள் ஒரு நூலின் இடையே நடையும் சொல்லாட்சியும் மாறுபட்டு நிற்கும் பாடல்களைக் கண்டு, இவை இடைச்செருகல் என்று முடிவு செய்வதை நாம் அறிவோம். உயிரியலாளர்கள் இங்கே செய்ததும் ஏறத்தாழ அதுவே. டி.என்.ஏ. என்பது நான்கு வேதியியல் எழுத்துகளால் ஆனது. இந்தக் கிருமியின் மரபுத்தொகுதியில் அவற்றுள் 'ஜி', 'சி' என்னும் இரண்டும் சேர்ந்து 39 விழுக்காடு வருகின்றன. காக்-ஏ இருக்கும் தொகுதியில் மட்டும் அவை 35 விழுக்காடே. 'நடை' மாறுகிறது, ஆகவே இது வேறொரு பாக்டீரியாவிடமிருந்து வந்து சேர்ந்த பகுதி. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் காணப்படும் மிகப் பழைய கிருமிக் கிளையில் இத்தொகுதி அறவே இல்லை என்பதும் இம்முடிவுக்குத் துணை நிற்கிறது.

செருகப்பட்ட இப்பகுதி செய்யும் வேலை வியப்பூட்டுவது. அது ஊசி போன்ற ஒரு குழாய் அமைப்பை உருவாக்கி, காக்-ஏ புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் நேரடியாகச் செலுத்துகிறது. உள்ளே சென்ற புரதம் செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் 'ஷிப்-2' என்னும் நொதியைப் பற்றிக்கொண்டு தவறான கட்டளைகளை இடுகிறது. இதனை 2002இல் ஜப்பானிய அறிஞர் மசனோரி ஹதகேயாமாவின் குழுவினர் நிறுவினர். கிழக்காசியக் கிருமிகளின் காக்-ஏ, மேலைநாட்டு வகையைவிட அந்நொதியை வலுவாகப் பற்றுகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் இரைப்பைப் புற்றுநோய் மிகுந்திருப்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 'வாக்-ஏ' என்னும் மற்றொரு மரபணு எல்லாக் கிருமிகளிலும் உண்டு. ஆனால் அதன் பாடபேதங்கள் பல. எந்தப் பாடம் அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் நஞ்சின் கடுமை கூடும் அல்லது குறையும்.

இத்துடன் விடை கிடைத்துவிட்டதா? இல்லை. இந்தியாவில் நோயுள்ளோர், இல்லாதோர் என்ற வேறுபாடின்றிப் பெரும்பாலானோரின் கிருமிகளில் காக்-ஏ இருக்கிறது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் கிருமித்தொற்று மிகுதி, புற்றுநோயோ குறைவு. இதனை 'ஆப்பிரிக்கப் புதிர்' என்று 1992 முதல் குறிப்பிட்டு வருகின்றனர். மரபணுவின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நோயை முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை.

வழி காட்டியது வரலாறு. இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தினரிடமிருந்தே தொற்றுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து அதன் பிள்ளைக்கு என்று அது மனிதருடனேயே நடந்து வந்திருக்கிறது. 2007இல் வெளிவந்த ஆய்வொன்று, ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் கிழக்கு ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோதே இக்கிருமியும் உடன் சென்றது என்று கணக்கிட்டது. ஆல்ப்ஸ் பனியில் 5300 ஆண்டுகள் உறைந்து கிடந்த 'ஓட்சி' என்னும் மனிதனின் வயிற்றில் இருந்த கிருமியின் மரபுத்தொகுதியை 2016இல் மீட்டுப் படித்தனர். அது இன்றைய ஐரோப்பியக் கிருமிகளைப் போன்றதன்று. மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் இன்று காணப்படும் வகையை ஒத்திருந்தது. ஐரோப்பாவுக்குள் ஆப்பிரிக்க மரபின் பெருங்கலப்பு அதற்குப் பின்னரே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதினர்.

இவ்வளவு நெடுங்காலம் கூடி வாழும்போது கிருமியும் மனித உடலும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்கின்றன. ஓம்புநரை விரைவில் கொல்லும் கிருமிக்குத் தானும் வாழ இடமில்லாது போகும். அந்தப் பழக்கம் திடீரென்று குலைந்தால் என்ன ஆகும்? நரின்யோவில் நடந்தது அதுவே.

துமாக்கோவில் இன்று வாழ்வோரில் பெரும்பாலோர், தங்கம் எடுக்கும் வேலைக்காக ஸ்பானியர் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள். துக்கெர்ரெஸ் மக்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பழங்குடி மரபினர். பழங்குடியினரின் மூதாதையர் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த கிருமி இனம், காலனிய ஆட்சிக்குப் பிறகு ஐரோப்பிய, ஆப்பிரிக்கக் கிருமிகளால் பெரிதும் விலக்கப்பட்டுவிட்டது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விரு ஊர்களையும் சேர்ந்த 121 பேரின் மரபணுக்களையும், அவர்களது வயிற்றுக் கிருமிகளின் மரபணுக்களையும் அருகருகே வைத்துப் படித்தது. ஆப்பிரிக்க மரபுக் கிருமி ஆப்பிரிக்க வழியினரின் வயிற்றில் பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. அதே மரபுக்கூறு பழங்குடி வழியினரின் வயிற்றில் இருந்தபோது திசுச் சிதைவு கடுமையாக இருந்தது. இரு ஊர்களின் வேறுபாட்டை விளக்கியது இந்தப் பொருத்தமின்மையே.

இதனை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மலையூர்களில் பல்லாண்டு ஆய்வு செய்த பெலாயோ கொர்ரேயா, உணவில் உப்பு மிகுதியாகவும் காய்கனி குறைவாகவும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். கடலோரக் குழந்தைகளின் குடலில் மிகுதியாகக் காணப்படும் புழுக்கள் உடலின் எதிர்ப்பாற்றலை வேறு திசையில் திருப்பி அழற்சியைத் தணிக்கக்கூடும் என்ற கருத்தும் உண்டு.

ஆனால் ஒன்று உறுதியாகிறது. 'கொடிய மரபணு', 'சாது மரபணு' என்று பிரித்துப் பேசும் பழக்கம் இங்கே செல்லாது. ஒரு சொல்லின் பொருள் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று நாம் வகுப்பறையில் சொல்வதுண்டு. மரபணுவுக்கும் அது பொருந்துகிறது. நாடு பிடித்தவர்களும் அடிமை வணிகரும் மக்களை இடம்பெயர்த்ததன் விளைவுகளைப் பேசும்போது, நிலத்தையும் மொழியையும் சமயத்தையும் கணக்கில் எடுக்கிறோம். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஆண்டிஸ் மலையில் ஓர் உழவனின் இரைப்பையில் அக்கணக்கு தீராமல் கிடக்கிறது என்பதை எந்த வரலாற்று நூலும் நமக்குச் சொல்லியதில்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. கொர்ரேயா குழுவினர் அதே நரின்யோ மக்களிடையே நடத்திய ஆய்வின் முடிவுகள் 2000இல் வெளிவந்தன. கிருமியை மருந்தால் அகற்றியபோதும், உயிர்ச்சத்துகளைக் கூடுதலாகக் கொடுத்தபோதும், புற்றுநோய்க்கு முந்தைய திசு மாற்றங்கள் பலரிடம் பின்வாங்கின. கிருமியைச் சுமக்கும் கோடிக்கணக்கானோருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது எளிதன்று; கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். யாருக்கு முதலில் மருந்து தேவை என்று தெரிந்துகொள்ள, கிருமி எங்கிருந்து வந்தது, அதைச் சுமப்பவர் எங்கிருந்து வந்தவர் என்ற இரண்டு கேள்விகளையும் மருத்துவர் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.