தொட்டிக்குள் இருக்கும் காற்று

பெட்ரோல் பங்கில் குழாயைத் தொட்டியின் வாயில் செருகியதும், இரண்டு லிட்டர் இறங்குவதற்குள் அது ‘டக்’கென்று நின்றுவிடுவதும், விசையை மறுபடி அழுத்தினால் மறுபடியும் நின்றுவிடுவதும், பின்னால் நிற்கும் வண்டிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடிப்பதுமாகிய சங்கடம் மோட்டார் வைத்திருப்போர் பலருக்கும் பரிச்சயமானதே. தொட்டி காலியாக இருக்கிறது. பம்பிலோ பெட்ரோலுக்குக் குறைவில்லை. ஆயினும் பெட்ரோல் தொட்டியினுள் புக மறுக்கிறது. இந்த நோய்க்கு நிதானம் காண வரும் அனுபவமுள்ள மெக்கானிக், பெட்ரோல் உள்ளே செல்லும் வழியைக் காட்டிலும், காற்று வெளியே வரும் வழியின் மீதே அதிகமாகச் சந்தேகங்கொள்கிறார். குடத்தைக் குப்புறப் பிடித்துக் கிணற்று நீரில் எவ்வளவு பலங்கொண்டு அமுக்கினாலும் அது நிரம்பாது. சற்றே சாய்த்தால் காற்று குபுகுபுவென்று வெளியேற, அந்த இடத்தில் நீர் புகுந்துவிடும். மோட்டார் தொட்டியின் சரித்திரம் முழுவதும் இந்தக் காற்றுக்கு வழிவிட்டதும், பிறகு அவ்வழியை அடைத்ததும், அடைத்தபின் வேறு வழி தேடியதுமாகவே நடந்திருக்கிறது.

ஆதியில் இத்தொல்லை இல்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமல் இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மோட்டார் வண்டியில் பிரயாணம் செய்தபோது, வழியில் வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில்தான் எரிபொருள் வாங்கினார். துணிக்கறை போக்கப் பயன்பட்ட லிக்ரோயின் என்ற திரவம் அது. புட்டியிலிருந்து ஊற்றும் அந்நாள் வழக்கத்தில், திறந்த வாய் வழியாகவே திரவம் உள்ளே போயிற்று, காற்று வெளியே வந்தது; விசாரிக்க ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் ஃபோர்ட் வேய்ன் நகரத்துச் சில்வேனஸ் பௌசர் 1885இல் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்காக மண்ணெண்ணெய் இறைக்கும் பம்பைச் செய்து விற்றார். 1905இல் அதையே திருத்தியமைத்து, வளையும் ரப்பர் குழாயுடன் நேரே மோட்டார் தொட்டிக்குள் பெட்ரோல் விடும் சாதனமாக்கினார். கேனும் புனலும் மெல்ல மறையலாயின.

1908இல் வெளிவந்த ஃபோர்டு டி மாடல் வண்டியில் தொட்டி முன்னாசனத்தின் அடியில் இருந்தது. மெத்தையைத் தூக்கி, மூடியைத் திருகி, ஒரு குச்சியை விட்டு அளவு பார்ப்பார்கள். அவ்வண்டியில் பெட்ரோல் பம்பு கிடையாது. திரவம் தன் பாரத்தினாலேயே எஞ்சினுக்கு ஓடி வரவேண்டும். ஆகவே தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏற நேர்ந்தால், சாரதிகள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றுவார்கள். அத்தொட்டியின் மூடியில் குண்டூசித் தலையளவே ஆன ஒரு துவாரம் இருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அவ்வழியாகக் காற்று உள்ளே புகவேண்டும். புழுதி அடைத்துக்கொண்டாலோ, ஓட்டம் தடைப்பட்டு வண்டி நடுவழியில் நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் சற்று தூரம் ஓடும், பிறகு பழையபடி நிற்கும். இன்றைய வியாதியின் மூதாதை இதுவே என்று நான் கருதுகிறேன்.

பின்னர் தொட்டி வண்டியின் பின்புறத்துக்குச் சென்றது. அதன் கழுத்து நீண்டு வளைந்தது. காற்று தனியே வெளிவரக் கழுத்தையொட்டி ஒரு சிறு குழாய் வைத்தார்கள். நிரம்பியதும் தானே நின்றுவிடும் பம்பு மூக்கும் வந்து சேர்ந்தது. அந்த மூக்கின் நுனிக்கருகே உற்றுப் பார்த்தால் ஒரு சிறு துவாரம் தென்படும். குறுகிய இடத்தில் விரைந்தோடும் திரவத்தில் அழுத்தம் குறையும் என்று இத்தாலிய விஞ்ஞானி வெந்தூரி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கிய தத்துவப்படி, மூக்கினுள் பாயும் பெட்ரோல் அத்துவாரத்தின் வழியே ஓயாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் மேலேறித் துவாரத்தை மூடியதும் காற்று வரத்து நின்று, உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு மெல்லிய சவ்வு இழுபட்டு விசை கழன்றுவிடுகிறது. மின்சாரம் ஏதுமின்றி நடக்கும் இந்த யுக்தி எத்தனை பாராட்டுக்கும் தகும். ஆனால் துவாரம் மூடியதா இல்லையா என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. தொட்டி நிறைந்து பெட்ரோல் மேலேறினாலும், காற்று எதிர்த்து நிற்பதால் கழுத்திலேயே தேங்கினாலும், அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்கிடையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டத்தால் அவதியுற்றது. பெட்ரோல் ஆவி உள்ளிட்ட வாயுக்கள் சூரிய ஒளியில் மாறுவதே அதன் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன சாஸ்திரி 1950களின் தொடக்கத்தில் நிரூபித்தார். அதன் பயனாக 1970 மாடல் வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவிலும், 1971 மாடல் முதல் அமெரிக்கா முழுவதிலும் தொட்டியின் ஆவியை வெளியே விடலாகாது என்ற விதி ஏற்பட்டது. மூடித் துவாரம் ஒழிந்தது. தொட்டியின் ஆவி, கரித்துகள் நிரப்பிய கேனிஸ்டர் என்னும் டப்பாவுக்குச் சென்று தங்கி, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சப்பட்டு எரிந்துபோயிற்று. 1998 மாடல் தொடங்கிப் படிப்படியாக, பெட்ரோல் நிரப்பும்போது கிளம்பும் ஆவியும் அதே டப்பா வழியாகவே போகவேண்டும் என்றானது. அது முதல் டப்பா அடைபட்டால் பெட்ரோலும் இறங்காது.

ஆகையால் மெக்கானிக் முதலில் வேறு பம்பில் நிரப்பிப் பார்க்கச் சொல்லுவார். அங்கும் நின்றால் பம்பின்மேல் குற்றமில்லை. விசையைப் பாதியளவு அழுத்தினால் மெதுவாக இறங்குகிறதென்றால், காற்று வழி முற்றிலும் மூடாமல் குறுகியிருக்கிறது என்று பொருள். பிறகு தொட்டியிலிருந்து டப்பாவுக்குச் செல்லும் குழாயைக் கழற்றிவிட்டு, நெருப்பண்டாத இடத்தில் நிரப்பிப் பார்ப்பார். தாராளமாக நிரம்பினால் டப்பாவோ, அதற்கப்பால் வெளிக்காற்றோடு சேரும் வால்வோ பழுதென்று நிச்சயம். டப்பா வழக்கத்துக்கு மேல் கனத்தால் அதில் பெட்ரோல் புகுந்திருக்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் நாமேதான். ‘ஆட்டோ கட்’ ஆன பிறகும் தொகையை முழு ரூபாயாக்க வேண்டுமென்று குழாயை ஆட்டி ஆட்டி நிரப்புவதை நம்மூர்ப் பங்குகளில் தினமும் காணலாம். அவ்வாறு மிஞ்சும் திரவம் ஆவிக்குரிய வழியில் ஏறிக் கரியை நனைத்துக் கெடுத்துவிடும்.

எல்லாக் குற்றமும் மனிதனுடையதன்று. 2011இல் மாஸ்டா கம்பெனி வட அமெரிக்காவில் சுமார் 65 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று டப்பாவின் காற்றுக் குழாயில் வலை பின்னி அடைத்து, தொட்டியில் வெற்றிடம் உண்டாகி விரிசல் காணச் செய்யும் என்று தெரியவந்ததே காரணம். சிலந்தி நுழையாமலிருக்கக் குழாயில் ஒரு சுருள்வில்லை வைத்தார்கள். 2014இல் அமெரிக்காவில் மேலும் 42 ஆயிரம் வண்டிகளை அழைக்க நேர்ந்தபோது, குழாயைச் சுத்தம் செய்ததோடு கம்ப்யூட்டரின் மென்பொருளையும் மாற்றினார்கள்.